கடைசி இருபது

லண்டனில் நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய டெஸ்மண்ட் டக்வெல்லுக்குப் படகுப் பந்தயத்தில் ஒரே எரிச்சல். போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். முடிவுக் கோடு கண்ணில் படாது, துரத்துகிறவன் மட்டும்தான் படுவான்.

அவரோடு சேர்த்து அறுபது வயதைத் தாண்டிய எட்டுப் பேர் துடுப்பு வலித்தார்கள். டெஸ்மண்டுக்கு நேரெதிரே உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருந்தாள் அவர் மனைவி கிளெனிஸ். அவள் தோளுக்குப் பின்னால், இவர்களுக்கு அடுத்துக் கிளம்பிய ஐம்பத்தெட்டாம் எண் படகு நெருங்கிக்கொண்டிருந்தது. முட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டால் ஒதுங்கி வழி விட்டாக வேண்டும்.

"விட்டுரவா?" என்றாள் கிளெனிஸ்.

"விட்டா கிளப்புல எவன் மூஞ்சில முழிக்கிறது?"

"அப்போ கடைசி இருபது தடவை. உயிரைக் குடுத்து வலிங்க."

வலித்தார்கள். இருபது முடிந்தது, முடிவு வரவில்லை.

"இன்னும் இருபது," என்றாள் கூச்சமே இல்லாமல்.

டெஸ்மண்டின் நெஞ்சு எரிந்தது. அதுவும் முடிந்தது.

"இன்னும் இருபதே இருபது."

முடிவுக் கோட்டில் ஹாரன் அடித்தபோது ஐம்பத்தெட்டு இரண்டு கை தூரத்தில் இருந்தது. தாண்டவில்லை.

"புளுகி," என்றார், மூச்சு திரும்பியதும். "அறுபது தடவை ஆச்சு."

"ரெண்டே நிமிஷத்துல கிளம்பிரும்னு நாப்பது வருஷமா பஸ்ல சொன்னவன், என்னையப் புளுகிங்கிறியா?"