இடது ஷூவின் மேல் ஒரு கோடு

வெள்ளிக்கிழமைகளில் என் மகனுக்குப் பள்ளியில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. மறுநாள் அதைத் துவைப்பது என் வேலை. ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கக் குழாயடியில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தபோது, இடது ஷூவின் மேல், கட்டைவிரல் வரும் இடத்தில், கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. வலது ஷூவில் இல்லை.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அலுவலகத்தில் பெரிய பைக் வைத்திருக்கும் இளம் நிருபர் ஒருவர் இருக்கிறார். அவருடைய இடது ஷூவிலும் இதே இடத்தில் இதே கோடு இருக்கும். என்னவென்று ஒருமுறை கேட்டதற்கு, "கியர் போட்டுப் போட்டு வர்றது மேடம்" என்றார். ஷூவைத் துவைக்காமல் எடுத்து வைத்தேன்.

மகனுக்குப் பதினாறு வயது. அவன் பைக் பழகலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் நடந்து முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். என் கணவர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விருதுநகர்ப் பக்கத்து ஆள். இவன் வயதுக்கு முன்பே கண்மாய்க்கரையில் வண்டி ஓட்டியவர். "இப்பவே மெதுவாப் பழகிட்டா பின்னாடி பயம் இருக்காது" என்பது அவர் கட்சி. பயம் இருக்கட்டும் என்பது என் கட்சி.

என் மேசைக்கு விபத்துச் செய்திகள் வராத நாள் குறைவு. 'கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள்' என்றுதான் நிருபர்கள் எழுதுவார்கள், வண்டிக்குச் சொந்தமாகக் கட்டுப்பாடு இருந்ததுபோல. ஓட்டியவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, வண்டி யாருடையது என்பது.

இந்த முறை பதில் தெரியும் என்று நினைத்தேன். கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க அப்பாவும் மகனும் சேர்ந்து போகிறார்கள். ஒரு கிலோ கறிக்கு இரண்டு பேர் எதற்கு? போனால் சீக்கிரம் வருவதும் இல்லை. எங்கள் வீட்டில் ஹெல்மெட் ஒன்றுதான், ஓட்டுகிறவர் போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது முடி வட்டமாக அமுங்கி, வியர்வையில் ஒட்டியிருந்தது மகனின் தலையில். அதைக் கவனித்தும் கேட்காமல் விட்டிருந்தேன். கேட்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. இப்போது ஷூ இருக்கிறது.

மறுநாள் அவர்கள் கறியோடு வந்தபோது, பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் அந்த ஒற்றை ஷூவை வைத்திருந்தேன்.

"இது என்ன?" என்றேன்.

"ஷூ" என்றார் கணவர்.

"அதுமேல இருக்கிற கோடு?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்தான்.

"சரி, நாந்தான் சொல்லித் தாரேன்" என்றார் கணவர். "குவார்ட்டர்ஸ் பின்னாடி ரோட்டுல. ஞாயித்துக்கெழம காலைல அங்க ஈ காக்கா கிடையாது. நான் பின்னாடிதான உக்காந்திருக்கேன்? இருவதத் தாண்ட விடமாட்டேன்."

"ஹெல்மெட் அவன் தலையில. உங்க தலையில?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"விழுந்தா பேப்பர்ல குவார்ட்டர்ஸ் ரோடுன்னு சமாதானம் போட மாட்டாங்க. வண்டி யாரு பேர்ல இருக்குன்னுதான் போடுவாங்க."

"நீ பேப்பர்லயே குடியிரு" என்று சொல்லிக்கொண்டே ஷூவைக் கையில் எடுத்தார். நகத்தால் கோட்டைச் சுரண்டினார். முகம் மாறியது.

"இரு. இது நம்ம வண்டி இல்லயே."

எங்கள் வண்டி பழையது. அதன் கியர் பெடலுக்கு இரண்டு முனை. முன்முனையை விரலால் மிதித்தால் கியர் ஏறும், பின்முனையைக் குதிகாலால் மிதித்தால் இறங்கும். இரண்டுக்கும் மிதிதான். ஷூவின் மேல்பக்கம் எதிலும் படாது. பெரிய பைக்குகளில் பின்முனை கிடையாது. விரலை அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். அப்போதுதான் இந்தக் கோடு விழும்.

"அதோட, இவன் எங்கூட செருப்புலதான வாரான்" என்றார்.

பத்திரிகையில் இத்தனை வருடம் இருந்துவிட்டு அதை நான் கேட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஷூவை வைத்து ஞாயிற்றுக்கிழமை ஆளைப் பிடித்திருக்கிறேன்.

"யாரு வண்டிடா?" என்றார் கணவர். என் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தது.

"ஃப்ரெண்டோட அண்ணன் வண்டிப்பா. ஒரே ஒரு ரவுண்டு. முத்தாபுதுப்பேட்டைல பிளாட் போட்டு வச்சிருக்காங்கல்ல, காலியா கீதே, அங்கதான்."

"இருக்குன்னு சொல்லுடா."

"காலியா இருக்கு."

ஒரே ஒரு ரவுண்டு. அகப்பட்டவர்கள் சொல்வதில் இந்த 'ஒரே ஒரு' தவறாமல் இருக்கும். ஒரே ஒரு ரவுண்டில் கேன்வாஸில் இவ்வளவு அழுத்தமாகக் கோடு விழுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மகன் சொன்னான்: "நீங்கதானப்பா சொன்னீங்க, கிளட்ச் புடிபட்டா எல்லா வண்டியும் ஒண்ணுதான்னு."

கணவர் உட்கார்ந்துவிட்டார். கறிப்பை அவர் மடியிலேயே இருந்தது.

கற்றுக்கொடுத்தால் வெளியே போய்ப் பழக மாட்டான் என்பது அவர் கணக்கு. அவர் கொடுத்த தைரியத்தை எடுத்துக்கொண்டுதான் அவன் வெளியே போயிருக்கிறான். என் கணக்கும் தப்புதான். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் போதும் என்று இருந்தேன். அன்றே முடிவானது. பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுக்கும்வரை யாருடைய வண்டியும் கிடையாது. அப்பாவின் பாடமும் கிடையாது. மகன் தலையாட்டினான். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி உறுமியது. "மச்சான், வர்றியா? இல்ல மம்மிகிட்ட லெட்டர் வாங்கிகினு வர்றியா?" என்றது ஒரு குரல். "போடா டேய்" என்று கத்திவிட்டு மகன் உள்ளே வந்து புத்தகத்தைத் திறந்தான். வண்டி போய்விட்டது. புத்தகம் சரியான பக்கத்தில்தான் திறந்திருந்தது. அதையும் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை குழாயடிக்குப் போனால், எனக்கு முன்பே கணவர் நின்றிருந்தார். இடது ஷூவை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன பார்க்கிறீங்க?"

"சும்மா."

போன வாரம் தேய்த்துக் கழுவிய இடத்தில் புதிய கோடு இல்லை. மேல்பக்கத்தில் மண் தவிர ஒன்றும் இல்லை. அவர் ஷூவைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்துறப்பல்லாம் கால ஊனியிருந்தா இந்த எடம் தேஞ்சிருக்கும்."

"தேஞ்சிருக்கா?"

"எல்லா ஷூவும் இங்கதான் தேயும்."

நான் குழாயைத் திறந்தேன். சமையலறை ஜன்னலில் மகனின் முகம் தெரிந்தது.

"இன்னாம்மா, காலைலயே ரெண்டு பேரும் என் ஷூவ வச்சிகினு இன்னா பண்றீங்க?"

இந்த முறை கணவர் அவன் தமிழைத் திருத்தவில்லை. "நேத்து ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் கால்ல என்னடா போட்டிருந்த?" என்றார்.

தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

"ஷூதான்பா" என்றான் மகன். "வெள்ளிக்கிழமையாச்சே."

பதில் சரியாகத்தான் இருந்தது. வருவதற்குத்தான் கொஞ்சம் நேரமானது. கணவர் என்னைப் பார்த்தார். நான் ஷூவை வாங்கிக்கொண்டு, மகனின் செருப்பு வாசலில் இருக்கிறதா, பள்ளிப் பையில் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.