வருஷத்துக்கு ஒரு பாட்டு

இன்று சுதந்திர தினம். டிவியில் ஒரு பெண் தேசபக்திப் பாடலுக்கு முன் ராகம் பாடத் தொடங்கியதும் கறம்பக்குடிப் பள்ளி மைதானம் கண்முன் வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தை பாடக்கூடாது என்பது மாமாவின் சட்டம். ஆனால் மாமா பட்டாளத்தில் இருந்தவர். சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு பாட்டில் அத்தை ஒரு வருஷத்தையே பாடிவிடுவார். ராகமே கால் மணி நேரம் போகும். எங்கள் கையில் ஆரஞ்சு மிட்டாய் பிசுபிசுக்கும். தேசத்துப் பாட்டுக்கு அசையக்கூடாதென்று மாமா வெயிலில் விறைப்பாகவே நிற்பார்.

"ஒரு பாட்டை இம்புட்டு நேரமா பாடுறது?" என்று ஒருமுறை கேட்டார்.

"தேசத்துப் பாட்டாச்சுங்களே, அவசரமா பாடலாமா?" என்றார் அத்தை.

டிவியில் அந்தப் பெண் நான்கே நிமிடத்தில் முடித்துவிட்டார். நினைத்தபோதெல்லாம் பாட முடிகிறவராக இருக்கும்.