சுவரிலிருந்து முப்பது டிகிரி

அந்த மனிதரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. எழுபதுகளின் நடுவில், கணிதம் படித்துவிட்டு, இரும்புலியூரிலிருந்து நடந்துபோய்த் தாம்பரத்தில் ரயிலேறி, குரோம்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தோல் பதனிடும் ஆலைகளுக்கு உலர்த்தும் அறைகள் செய்து கொடுக்கும் கம்பெனி. அவர் அங்கே சீஃப் இன்ஜினியர். பெண்பிள்ளை கேள்வி கேட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அறைக்குள் சூடான காற்று சாய்வாக நுழைய வேண்டும்; அப்போதுதான் தொங்குகிற தோல்களுக்கு நடுவே பாயும். எந்தச் சாய்வு சரி என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. கம்ப்யூட்டர் எங்களுடையதா என்ன? கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்தது. துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் விடைத்தாள் கிடைக்கும். நுழைகிற காற்றின் வேகத்தை இரண்டாகப் பிரித்து, உள்ளே நேராகப் போவது இவ்வளவு, சுவரோடு போவது இவ்வளவு என்று அட்டையில் கொடுக்க வேண்டும்.

"முப்பது டிகிரி போடும்மா" என்றார் சீஃப்.

"எதிலேருந்து சார் முப்பது?"

"கோணத்துக்கு எதிலேருந்துன்னு ஒரு கேள்வியா? முப்பதுன்னா முப்பது. போடு."

நான் படித்த பழக்கப்படி, சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து முப்பது வைத்தேன். தாளில் காற்று ஜோராக அறையின் நடுவுக்குப் போயிற்று. அவர் வரைபடத்தில் வெறுமனே முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஷெட்டிலோ, கோணம் என்றால் தகட்டின் மேல் கோணமானியை வைத்து அளப்பதுதான் வழக்கம். கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிளில் வரும் வெல்டர் அண்ணன், சுவர்த் தகட்டிலிருந்து முப்பது அளந்து காற்றுக் குழாயைப் பற்றவைத்துவிட்டார்.

அறை போய்ச் சேர்ந்த மறுவாரம், ஒரு புதன்கிழமை, ஆலைக்காரர் வந்து கத்தினார். சுவரோரத் தோலெல்லாம் அப்பளமாக விறைத்துவிட்டதாம். நடுவில் தொங்கியது காயாமல் நாறுகிறதாம்.

சீஃப் நேரே ஷெட்டுக்குப் போனார். எல்லோர் எதிரிலும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "குடிச்சிட்டு வெல்டிங் பண்ணியா? கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது. சனிக்கிழமையோட நின்னுக்கோ."

அண்ணன் குடிக்கிறவரே இல்லை. "ட்ராயிங்ல இன்னா கீதோ அதத்தான் சார் பண்ணேன்" என்றார்.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது: அண்ணன் சுவரிலிருந்து அளந்த முப்பது, என் செங்குத்துக் கோட்டிலிருந்து பார்த்தால் அறுபது. என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டேன். கையில் ஆதாரம் வேண்டாமா என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, ஒரே ஒரு அட்டையை மாற்றி, முப்பதை அறுபதாக்கி, கிண்டிக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை காலை தாள் வந்தது. காற்று முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. ஆலையில் நடந்தது அச்சு அசலாக அதுதான்.

தாளைச் சீஃபின் மேசையில் விரித்தேன்.

"அப்போ தப்பு உன்னோடது" என்றார்.

"என்னோடதும்தான் சார். எதிலேருந்துன்னு கேட்டேன். போடுன்னீங்க."

அவர் முகம் கறுத்தது. "வெல்டர் இருக்கட்டும். திங்கக்கிழமை நீ வர வேணாம்."

பாவி மனுஷன்! தான் கையெழுத்துப் போட்ட வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஷெட்டுக்கு நடந்தபோது, வேலை போன ஆத்திரத்துக்கு நடுவிலும், பெரிய தியாகம் செய்துவிட்ட மிதப்பு எனக்கு இருந்தது. அண்ணன் தன் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்க போக வேணாம். தப்பு எங்க கணக்குலதான். புதன்கிழமையே எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

அவர் நிமிர்ந்தார்.

"புதன்கிழமையேவா? மூணு நாளா என் பசங்க மூஞ்சியப் பாக்க முடியாம கீறேன். குடிகாரன்னு ஷெட்டே சிரிக்குது. நீ பேப்பர் வரட்டும்னு குந்திகினு இருந்தியா? வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாத்துக்குமா பேப்பரு?"

என் வேலை போனதை அவரிடம் சொல்லாமலே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.