ஹபீப் பாய் பின்னணியில் ஓடவிட்ட வேலை

அலைபேசியில் ஹபீப் பாயின் பெயர் வந்தது. எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். மணி பன்னிரண்டாகிவிட்டது, பெரும்பாக்கத்தில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், எங்கேதான் இருக்கிறீர்கள் என்று மூச்சுவிடாமல் கேட்டேன். மறுமுனையில் இருந்தது அவர் இல்லை. அவருடைய மனைவி ஷாகிரா. "அண்ணா, அவங்க மவுத்தாயிட்டாங்க. காலைல டயாலிசிஸ்ல இருக்கும்போதே."

"டயாலிசிஸா, யாருக்கு?" என்று கேட்டேன். பதினெட்டு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்த மனிதர் இறந்த செய்திக்கு என் வாயிலிருந்து வந்த முதல் பதில் அதுதான். இரண்டு வருஷமாக வாரம் இரண்டு முறை அவருக்கு ரத்தம் சுத்திகரிக்கப்பட்டிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். நினைவஞ்சலியில் கோபப்படக்கூடாது என்பீர்கள். நான் கோபமாகத்தான் இருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

அஸ்தினாபுரத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து நானும் அவரும் தொடங்கிய கம்பெனி எங்களுடையது. ஒரே ஒரு மென்பொருள்தான் செய்தோம். தோல் பை, செருப்பு தைக்கும் பட்டறைகளுக்கானது. ஒரு முழுத் தோலில் எந்தத் துண்டை எங்கே வைத்து வெட்டினால் வீணாவது குறையும் என்று கணக்குப் போட்டுப் படமாகக் காட்டும். தோல் என்ன காகிதமா, ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒவ்வொன்றிலும் ஓட்டை, தழும்பு. கணக்கு முடிய நாற்பது நிமிஷமும் ஆகும், ஒன்றரை மணி நேரமும் ஆகும். எனக்கு நாலு நிமிஷம்கூட உட்கார முடியாது. எழுந்து நடப்பேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன், மவுஸை ஆட்டிப் பார்ப்பேன். பாய் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

முதலில் கொடுத்த பதிப்பில் பொத்தானை அமுக்கினால் திரை முழுக்க வெளுத்துவிடும். உள்ளே கணக்கு ஓடுகிறது, வெளியே பார்ப்பவருக்கு கம்ப்யூட்டர் செத்துப்போன மாதிரி. பட்டறைக்காரர்கள் நாலு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு சுவிட்சை அணைப்பார்கள். ஒரு மணி நேரக் கணக்கு போச்சு. அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன் நான். பாய் என்னைத் திட்டினார். பல்லாவரத்தில் அவருடைய அப்பா ஆணி, தாழ்ப்பாள் விற்கும் கடை வைத்திருந்தார். அதை வைத்துச் சொன்னார்: "கடையில ஒரே ஆளு. சரக்கு எடுக்க அவனே பின்னால போயிட்டா, வர்றவன் என்ன நினைப்பான்? கடையில யாருமில்லன்னு போயிடுவான். பின்னால ஒருத்தன் போகட்டும், முன்னால ஒருத்தன் நிக்கட்டும்." அப்படித்தான் கணக்கைப் பின்னணிக்கு மாற்றினோம். திரை எப்போதும் போல இயங்கும், கணக்கு பின்னால் ஓடும்.

அதில் நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்ட ஒரு பச்சைக் கோடு வேண்டும். உண்மையில் எவ்வளவு முடிந்தது என்று இந்த மாதிரிக் கணக்கில் யாராலும் சொல்ல முடியாது. பாய் யோசித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. கடிகாரத்தை வைத்து நகரும் ஒரு கோட்டைப் போட்டுவிட்டேன். கணக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஐம்பது, அறுபது என்று அழகாக ஏறும், தொண்ணூற்றொன்பதில் நிற்கும், கணக்கு முடிந்ததும் நூறாகும். பாயிடம் சொல்லாமலே நாகல்கேணியில் ஒரு பட்டறைக்குக் கொடுத்து அனுப்பினேன்.

அங்கே வெட்டும் பகுதிக்குப் பொறுப்பு தேவகி அக்கா. ஒருநாள் நானும் பாயும் போயிருந்தபோது அவர் எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா சார் இது, தொண்ணூத்தொம்போதுலயே நின்னுகினு கீது. ஒண்ணுதானே பாக்கின்னு எட்டு பேர சாப்பிடக்கூட வுடாம ஒக்கார வெச்சிகினு கீறேன். முக்கா மணி நேரமா அதே ஒண்ணு." மேலாளரிடம் அதற்கு முன்பே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஊர்ப்பட்ட சமாதானங்கள் வாயில் தயாராக இருந்தன. பாய் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து, "அக்கா, அந்தக் கோடு பொய். நாங்கதான் போட்டோம். நீங்க எல்லாரையும் சாப்பிட அனுப்புங்க" என்றார். நாங்கதான் என்றார். குமார்தான் என்று என்னைக் காட்டிச் சொல்லவில்லை.

திரும்பும்போது இருவரும் ஒரே வண்டியில் வந்தோம். குரோம்பேட்டை சிக்னலில் நின்றபோது பாய் சொன்னார்: "தெரியலன்னா தெரியலன்னு போடு குமார். பின்னால ஒரு வேலை ஓடுதுன்னா முன்னால இருக்கறவங்களுக்கு அது நெசமாத் தெரியணும். அவங்க அதை வெச்சுதான் சோறு திங்கறதா வேணாமான்னு முடிவு பண்றாங்க." மறுநாள் கோட்டை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் இதுவரை கிடைத்ததில் சிறந்த வெட்டுப்படத்தைக் காட்டினார். அது மேம்பட மேம்பட மாறிக்கொண்டே இருக்கும். இது போதும் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், அதுவரை வந்தது கையில் இருக்கும். தேவகி அக்கா பெரும்பாலும் இருபதாவது நிமிஷத்திலேயே நிறுத்திவிடுவார். அதற்கு மேல் கணக்கு கண்டுபிடிப்பதை அவர் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவார். நாங்கள் விற்ற மென்பொருளில் எல்லோரும் பாராட்டுவது இந்த ஒன்றைத்தான். பெயர் எனக்கும் வந்தது, அவர் ஒருநாளும் அதைத் திருத்தவில்லை.

இப்படிப் பேசிய மனிதர் தன் உடம்பில் ஓடிய வேலையை மட்டும் இரண்டு வருஷம் மூடி வைத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் கஸ்டமர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்வார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்துத்தான் வருவார். நானும் சரி சரி என்று விட்டுவிடுவேன். மே மாத வெயிலில் முழுக்கை சட்டை போட்டு மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் மாட்டியிருப்பார். பொண்ணு பார்க்கப் போறீங்களா பாய் என்று கேலி செய்திருக்கிறேன். கையில் ஊசி ஏற்றுவதற்காகப் புடைத்திருந்த நரம்பை மறைத்திருக்கிறார். டீ குடிப்பதை நிறுத்தினார். கீழே இருக்கிற டீக்கடை சரியில்லை என்றார். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏன் தெரியவில்லை? முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தோம். கைநீட்டினால் தோளைத் தொடலாம்.

அடக்கம் முடிந்த பிறகும் எனக்கு நிலைகொள்ளவில்லை. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதினெட்டு வருஷத்தில் என் பெண்ணின் பள்ளிக்கூட சீட்டிலிருந்து என் வீட்டு மோட்டார் ரிப்பேர் வரைக்கும் அவரிடம் புலம்பியிருக்கிறேன். அவருக்கு நான் நண்பனா, அல்லது வாடகையைப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு ஆளா? இது தெரியாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. பத்து நாள் பொறுத்தேன், அதுவே எனக்கு அதிகம். சேலையூரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஷாகிரா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை என்பது அவர்கள் வழக்கம். நான் கூடத்தில் உட்கார்ந்தேன், அவர் உள்ளறைக் கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினார். முகம் பார்த்துப் பேசியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். திரை இருந்ததால் கேட்டுவிட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் என்ன வேற்றாளா என்று. என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"சொல்லத்தான் போனாங்க அண்ணா," என்றார். "மொத வாரம் டயாலிசிஸ் பண்ணிட்டு வந்த அன்னைக்கே. குமாருக்கு மட்டும் சொல்லிட்டு வந்துடறேன், அவன்கிட்ட மறைக்க முடியாதுன்னு சொல்லிட்டுதான் கிளம்பினாங்க. உங்க நாற்காலிக்குப் பின்னால வந்து நின்னாங்களாம். நீங்க திரும்பாமலே ஒரு நிமிஷம் பாய்னு சொன்னீங்களாம். நின்னு பாத்துட்டு அவங்க இடத்துக்குப் போயிட்டாங்க. அவன் ஏதோ முக்கியமான வேலையில இருந்தான், கலைக்க மனசு வரலன்னாங்க. நாளைக்குச் சொல்றேன்னாங்க. அப்புறம் நாள் போயிடுச்சு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திக்காட்டவில்லை. நான் என்ன வேலையில் இருந்தேன் என்று பாய் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அதெல்லாம் சொல்லவில்லை என்றார். உள்ளேயிருந்து யாரிடமோ எனக்கு சர்பத் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதம் முழுக்க நான் எழுதியதையும் திருத்தியதையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாளாகத் திறந்து பார்த்தேன். ஒருநாள் பொத்தானின் நிறத்தை மாற்றியிருக்கிறேன். ஒருநாள் எழுத்தின் அளவை ஒரு புள்ளி கூட்டி, மறுபடி குறைத்திருக்கிறேன். ஒருநாள் ஒன்றுமே செய்யவில்லை. முக்கியமான வேலை என்று சொல்ல ஒரு நாளும் இல்லை.

அவருடைய மேசை, நாற்காலி, லேப்டாப் எல்லாவற்றையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர்களுக்குச் சேர வேண்டியவை அவை. ஹபீப் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய ஒரு நாள். அந்த மாதத்தின் நாட்களில் அது எது என்று எனக்குத் தெரியாது. அதனால் அத்தனை நாட்களையும் வைத்திருக்கிறேன்.