படபடக்காத இறுதி ஆட்டம்

எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்குப் பொங்கல் கேரம் போட்டி நடக்கும். இறுதி ஆட்டம் வரை வருவேன். கடைசிக் காய்க்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இரண்டாம் பரிசோடு வீட்டுக்குப் போவேன். போன வருடம் தோற்ற பிறகும் படபடப்பு நிற்கவில்லை. குரோம்பேட்டை நெரிசலைத் தாண்டி ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது என் மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லை.

துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்றார்கள். முதலில் கொடுத்த மாத்திரை சரிப்படவில்லை. மார்கழியில் டாக்டர் புதிதாக ஒன்று எழுதினார். கை கால் ஜில்லிடலாம், சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், சோர்வு இருக்கலாம், விசித்திரமாகக் கனவு வரலாம். எல்லாருக்கும் எல்லாம் வராது என்றார். எனக்கா வராது? ஜி.எஸ்.டி. ரோட்டில் கேரம் காய்கள் உருண்டோட, நான் லுங்கியோடு துரத்துவதாகக் கனவு கண்டேன். கட்டிலை விட்டு எழுந்தால் அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். விரல்கள் ஐஸாகி, ஸ்ட்ரைக்கர் தொட்டதே தெரியாமல் போனதுதான் வயிற்றெரிச்சல். ஸ்ட்ரைக்கரை நேராகப் பிடிக்கக்கூடத் தெரியாத என் மனைவியிடமே ஒரு ஆட்டம் தோற்றேன். அவள் அதை அக்கம்பக்கத்தில் சொல்லாமல் விட்டது பெரிய மனது.

ஆனால் அரையிறுதியில் ஓர் அதிசயம் நடந்தது. கடைசிக் காய்க்குக் குனிந்தேன், கை நடுங்கவில்லை. படபடப்பே வரவில்லை. பக்கவிளைவு என்று டாக்டர் அடுக்கியதில் இது இல்லவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த முறை கோப்பை எனக்குத்தான் என்று லிஃப்டில் ஏறியவரிடமெல்லாம் சொன்னேன்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் விரல்கள் விறைத்துக் கிடந்தன. நடுங்காத கை வேண்டும், அதே நேரம் விரலில் உணர்ச்சியும் வேண்டும். பேராசைதான்.

"இன்னிக்கு ஒரு வேளை மட்டும் மாத்திரையைத் தள்ளிப் போடட்டுமா?" என்றேன்.

மனைவி டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஒரு வேளைகூட விடாதீங்க சார். திடீர்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா அடிச்சுக்கும். கை ஜில்லுன்னா வெதுவெதுப்பான தண்ணியில வைங்க. எழுந்திருக்கும்போது மெதுவா. மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தா உடனே கிளம்பி வந்துடணும்."

"ஆடலாமா டாக்டர்?" இது அவள்.

"கேரம்தானே, ஆடட்டும்."

அந்த 'தானே' எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மாத்திரையை விழுங்கினேன்.

கார் நிறுத்தும் இடத்தில் விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டு போர்டு போட்டிருந்தார்கள். எதிரே ஐந்தாவது மாடி இளைஞன். என் பக்கத்தில் பிளாஸ்க்கும் கிண்ணமுமாக மனைவி. அவள் தண்ணீர் ஊற்ற ஊற்ற நான் விரலை நனைத்து, துண்டில் துடைத்து, அடித்தேன்.

"மேஜிக் காட்டப் போறீங்களா அங்கிள்?" என்றான் அவன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு குஷியில் இருந்தேன்.

கடைசியில் அவனுக்கு ஒரு காய் மிச்சம், எனக்கும் ஒரு காய் மிச்சம். சிவப்புக் காயான ரெட்டை நான் போட்டுவிட்டேன். கையோடு என் காயையும் போட்டால் கோப்பை. தவறினால் ரெட் நடுவுக்குத் திரும்பிவிடும். என் வெள்ளைக் காயோ அவனுடைய கறுப்புக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது. மனசு குதியாட்டம் போட்டது. நெஞ்சு மட்டும் பென்ஷன் வாங்கியவர் வாக்கிங் போகிற மாதிரி நிதானமாக நடந்தது. சுண்டினேன். காய் ஓரத்தை உரசிக்கொண்டு போய்ப் பாக்கெட்டில் விழுந்தது.

கார் நிறுத்துமிடமே அதிர்ந்தது. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு, சொன்னபடி மெதுவாக எழுந்தேன். எத்தனை வருட ஆசை! ஆனாலும் நெஞ்சு ஒரு துள்ளுகூடத் துள்ளவில்லையே என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மனைவி பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தேன். என் விரலுக்கடியில் அவள் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன இது, இப்படி அடிக்குது?"

"போன பொங்கல்லேருந்து இப்படித்தான் அடிக்குது," என்றாள்.

கோப்பை வாங்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.