மூச்சடக்கிப் பார்த்த கடிகாரம்

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்கார மேனேஜரின் பங்களாச் சாமான்கள் ஏலம் போகின்றன. ஓக் மேசையும் பீங்கான் பொம்மைகளும் விற்றாகிவிட்டன. அடுத்தது ஆளுயர லண்டன் கடிகாரம். அதற்காகவே வந்திருக்கும் உப்பு வியாபாரி, கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கும் ஒருவரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார். சங்கு குளிப்பவர் மூக்கைப் பிடித்து மூச்சடக்கி, நொடி முள்ளையே பார்த்து நிற்கிறார். ஏலக்காரரும் காத்திருக்கிறார்.

மூச்சை விட்டதும் சொல்கிறார்: "என் மூச்சு ஒன்றரை நிமிசம். இது அஞ்சு செகண்டு கொறச்சுக் காட்டுது. வேண்டாம் அண்ணாச்சி."

வியாபாரி ஒதுங்குகிறார். அதன்பிறகு யாரும் விலை கேட்கவில்லை.

"தப்பு உங்க மூச்சுல இருந்தா?" என்று, ஏலம் பார்க்க வந்த நான் அவரிடம் கேட்கிறேன்.

"அதுல தப்பு இருந்தா, சார், நான் எப்பவோ கடலுக்குள்ளயே கெடந்திருப்பேன்."