ஆயர் ஐயா தனித்திருக்கும் நாள்

உயிரோடு இருக்கும் ஒருவரை நான் ஒரே ஒரு தடவைதான் அடக்கம் செய்திருக்கிறேன். அவர் என் சபையின் செக்ரட்டரி டேனியல்.

செஞ்சியில் ஆயராக இருந்து ரிட்டயர் ஆகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. புதிதாக ஊழியத்துக்கு வரும் தம்பிமார், "உங்களுக்குக் களைப்பே வராதா ஐயா?" என்று கேட்கிறார்கள். வந்தது. வந்த கதையைச் சொல்கிறேன்.

1. குழிமேட்டில்

சிங்கவரத்தில் டேனியலின் தம்பி சாமுவேல் இறந்துபோனார். அந்த வாரம் மட்டும் ஒரு கல்யாணம், மூன்று வீட்டு ஜெபம், வாலிபர் கூட்டம், பெண்கள் சங்கம், கமிட்டி, உபவாச ஜெபம் எல்லாம் முடித்திருந்தேன். கல்லறையில் நின்று, "நம்முடைய சகோதரர் டேனியலின் சரீரத்தை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறோம்" என்று கணீரென்று சொன்னேன்.

கையில் மண்ணோடு நின்ற டேனியல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, நான் இங்கதான் இருக்குறேன். உள்ள இருக்குறது தம்பி."

மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி சொன்னேன். மறுபடியும் டேனியல் என்றே வந்தது. மூன்றாவது தடவை அந்தப் பாவப்பட்ட மனுஷனே என் காதோரம் நின்று பெயரை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: "இப்பிடியே போனா அடுத்த கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துடுவீங்க."

2. கமிட்டி

"ஐயாவுக்கு ஒரு நாள் லீவு குடுக்கலன்னா, அடுத்து யாரப் பொதைப்பாருன்னு சொல்ல முடியாது" என்று கமிட்டியில் பேசினார் டேனியல். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லம்.

ஒரு சனிக்கிழமை தொண்டூர் மலையடிவாரத்தில் தனியாக உட்கார்ந்து ஜெபிக்கப் போகிறேன் என்றேன். ஆண்டவரே கூட்டத்தை விட்டு மலைக்குப் போனவர்தானே.

"கூட யாரு ஐயா வர்றது?" என்றார் பொருளாளர்.

"யாரும் வேணாம். தனியாத்தான் போறேன்."

"தனியாப் போங்க, சரி. கூட யாரு?"

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அதை விட்டு, ஞாயிறு ஆராதனையில் இந்த விஷயத்தை அறிவிப்பாகவும் வாசித்துத் தொலைத்தேன். எங்கள் சபையில் அறிவிப்பு என்று ஒன்றை வாசித்துவிட்டால் அது நிகழ்ச்சி. நிகழ்ச்சி என்றால் ஃப்ளெக்ஸ், மைக், சாப்பாடு. இருபது வருடங்களாக அப்படிப் பழக்கியவனும் நான்தான்.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். கைகூப்பிய என் போட்டோவோடு ஃப்ளெக்ஸ் நின்றது. 'ஆயர் ஐயா தனித்திருக்கும் நாள். அனைவரும் வருக!'

3. மலையடிவாரம்

அவர்களை முந்திக்கொள்ள எண்ணி முதல் பஸ்ஸிலேயே போனேன். சமண முனிவர்கள் படுக்கை வெட்டிக்கொண்ட பாறைகள் உள்ள இடம் அது. தனிமைக்கு அதைவிட நல்ல சிபாரிசு எங்கே கிடைக்கும்? ஒரு புளியமர நிழலில் கண்ணை மூடினேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. மைக் இல்லாமல், யாரும் கேட்காமல், எனக்காக ஜெபம் செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. இனிமேல் அது வருமா என்றும் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். "ஆண்டவரே, இங்கே திரளாகக் கூடிவந்திருக்கிற உமது பிள்ளைகளை..." என்று தானாக ஓடியது. எதிரில் ஒரு ஆடு மட்டும் நின்றது.

அந்த ஜெபம் உடனே கேட்கப்பட்டது. ஒரு வேனும் ஒரு டாடா ஏஸும் வந்து நின்றன. நாற்பது பேர், சாமியானா, பிளாஸ்டிக் சேர், பிரியாணி அண்டா.

"நாங்க உங்ககிட்ட வரவே மாட்டோம் ஐயா" என்றார் டேனியல். "நீங்க அந்தப் பக்கம் தனியா இருங்க. நீங்க தனியா இருக்குறத நாங்க இங்கேர்ந்து பாத்துக்கினு இருப்போம்."

பிறகு மைக்கில் அறிவித்தார்: "இப்பொழுது நம்முடைய ஆயர் ஐயா தனித்திருப்பார். பிள்ளைங்க சத்தம் போடக் கூடாது."

தனித்திருந்தேன். நாற்பது பேர் இமைக்காமல் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் பெண்கள் சங்கத் தலைவி வந்து, "முடிஞ்சிடுச்சா ஐயா? பிரியாணி ஆறிப்போவுது" என்றார். டேனியல் மைக்கை நீட்டி, "தனிமையப் பத்தி ரெண்டு வார்த்தை" என்றார். நான் மறுத்திருக்கலாம். நாற்பது நிமிடம் பேசினேன்.

சாப்பாடு முடிந்ததும் கூட்டம் ஒவ்வொருவராகச் சாய்ந்தது. "தம்பி போனதுலேர்ந்து சரியாத் தூங்கவே இல்ல ஐயா. வேலை வுட்டு வந்தா டெய்லி ஒரு மீட்டிங்கு" என்று சொல்லிக்கொண்டே டேனியல் பாயில் தலை வைத்தார். அவர் காலை ஐந்து மணிக்கே கடலை மூட்டை எடை போட மண்டிக்குப் போகிறவர். சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

நாற்பது பேரும் தூங்கினார்கள். நான் மட்டும் விழித்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. "ஆண்டவரே, களைத்துப்போனேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அழுகையும் வந்தது. அழுது முடித்துப் பார்த்தபோதுதான் அந்த முகங்கள் கண்ணில் பட்டன. வயல் வேலை, மில் வேலை, ஆபீஸ் வேலை முடித்துவிட்டு, நான் வைத்த கூட்டத்துக்கெல்லாம் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்த முகங்கள். என்னைவிடக் களைத்திருந்தார்கள். எனக்கு ஓய்வில்லை என்று புலம்பினேனே, இவர்கள் ஓய்வை எல்லாம் தின்றவன் யார்? வெட்கமாக இருந்தது. சாயங்காலம் வரை யாரையும் எழுப்பவில்லை.

4. அறிவிப்பு

மறுநாள் வாசித்தேன்: "இனி செவ்வாய், வியாழன் எந்தக் கூட்டமும் கிடையாது. வீட்டில் ஓய்ந்திருங்கள்."

ஆராதனை முடிந்ததும் டேனியல் நோட்டோடு வந்தார். "செவ்வாய்க்கிழம ஓய்ந்திருக்கிறது எத்தன மணிக்கு ஆரம்பம் ஐயா?"

"ஆரம்பம் இல்ல."

"முடிவு ஜெபம்?"

"அதுவும் இல்ல டேனியல். வூட்டுக்குப் போய்த் தூங்குங்க."

அவர் நோட்டை மூடினார். "தூங்கலாமா ஐயா?" என்றார்.

தம்பிமாரே, அறுபது வயது மனுஷன் என்னிடம் அதற்கு அனுமதி கேட்டார்.